ராணுவ ஆர்டரும் நம் பற்று நோட்டும்

கணபதி, ஆவாரம்பாளையம், சிட்கோ பக்கம் மளிகைக் கடை வைத்திருக்கும் நம் சங்க அங்கத்தினர்கள் சில வருடங்களாக ஒரு வார்த்தையை அடிக்கடி கேட்டு வருகிறார்கள். "டிஃபென்ஸ் ஆர்டர்" என்பதே அது. லேத் பட்டறைக்காரர் மாதக் கணக்கைத் தீர்க்க வருகிறார். பாதிப் பணத்தைக் கொடுத்துவிட்டு, "ஏனுங்க, டிஃபென்ஸ் ஆர்டர் கையில இருக்குதுங்க, பில் பாஸ் ஆனதும் மொத்தமாத் தந்தர்றனுங்க" என்கிறார். பத்திரிகையில் தினமும் ஆயிரம் கோடி, பதினாயிரம் கோடி என்று போடுகிறார்களே என்று கடைக்காரரும் தலையை ஆட்டி விடுகிறார். பிறகு காந்திபுரத்துக்கு வந்து மொத்தக் கடையில் அவரும் அதே வார்த்தையைச் சொல்கிறார். நாம் அதை எடுத்துக்கொண்டு அரிசி மில்லுக்கும் பருப்பு மில்லுக்கும் போக முடியாது. அங்கே சொன்ன நாளில் பணம் போய்ச் சேர வேண்டும்.

இந்த ராணுவத் தளவாட வியாபாரம் என்பது என்ன, இதில் பணம் எங்கிருந்து எப்படி வருகிறது, நம் கடை வாசல் வரை வந்து சேர எவ்வளவு நாளாகும் என்பதைச் சங்க ஏட்டில் எழுதும்படி மாதக் கூட்டத்தில் சில அன்பர்கள் கேட்டுக்கொண்டனர். தீபாவளிப் பட்டாசுகூட விற்றறியாத நமக்கு ஆயுதத்தைப் பற்றி எழுத என்ன யோக்கியதை என்று முதலில் தயங்கினோம். பிறகு விவரம் சேகரித்துப் பார்த்தபோது, இதுவும் சரக்கு, விலை, தவணை, பாக்கி என்ற நான்குக்குள் அடங்குகிற விஷயம்தான் என்று பட்டது. அதனால் எழுதுகிறோம்.

முதலில் தொகையைப் பார்ப்போம். 2013-14-ல் நம் நாட்டிலிருந்து வெளிநாடுகளுக்குப் போன ராணுவத் தளவாடங்களின் மதிப்பு 686 கோடி ரூபாய். 2024-25-ல் அது 23,622 கோடி ரூபாய். அதாவது 34 மடங்கு. நடுவில் ஏறிக்கொண்டே வந்ததாக நினைக்க வேண்டாம். 2018-19-ல் 10,746 கோடியைத் தொட்டுவிட்டு, அடுத்த வருடம் 9,116 கோடிக்கும் அதற்கடுத்த வருடம் 8,435 கோடிக்கும் இறங்கித்தான் மறுபடி ஏறியது. உள்நாட்டில் உற்பத்தியாகும் தளவாடங்களின் மொத்த மதிப்பு 2014-15-ல் 46,429 கோடியாக இருந்தது, 2024-25-ல் ஒன்றரை லட்சம் கோடியைத் தாண்டியது. 2029-ம் வருடத்துக்குள் உற்பத்தி 3 லட்சம் கோடி, ஏற்றுமதி 50,000 கோடி என்று மத்திய அரசு இலக்கு வைத்திருக்கிறது.

இந்த எண்களில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உள்நாட்டு உற்பத்தியில் தனியார் கம்பெனிகளின் பங்கு கால் பாகத்துக்கும் கீழே. ஆனால் 2024-25 ஏற்றுமதியில் தனியார் பங்கு 15,233 கோடி, ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. ஏன் இப்படி? பீரங்கி, டாங்கி, ஏவுகணை, போர்க்கப்பல் போன்ற முழுச் சரக்கை நம் ராணுவத்துக்குச் செய்து கொடுப்பவை பெரும்பாலும் அரசு நிறுவனங்கள். தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதில் பெரும்பகுதி பாகங்கள். அமெரிக்காவின் அப்பாச்சி ஹெலிகாப்டருக்கு உடற்கூடு ஹைதராபாத்தில் செய்யப்பட்டுப் போகிறது. அதனால்தான் வாங்கும் நாடுகளின் வரிசையில் அமெரிக்காவும் பிரான்ஸும் முன்னால் நிற்கின்றன. அவர்கள் நம்மிடம் துப்பாக்கி வாங்கிச் சுடப் போவதில்லை. தங்கள் கம்பெனிக்கு வேண்டிய உதிரியை இங்கே செய்து வாங்கிக்கொள்கிறார்கள்.

இதற்குப் பின்னால் ஒரு சட்ட ஏற்பாடும் உண்டு. வெளிநாட்டுக் கம்பெனி நமக்குப் பெரிய தொகைக்கு ஆயுதம் விற்றால், அந்தத் தொகையில் ஒரு பங்குக்கு இங்கிருந்து சரக்கு வாங்கியோ, இங்கே முதல் போட்டோ ஈடு கட்ட வேண்டும் என்று 2005-ல் விதி கொண்டு வந்தார்கள். முதலில் 300 கோடிக்கு மேற்பட்ட ஒப்பந்தங்களுக்கு 30 சதவீதம். 2016-ல் அந்த வரம்பை 2,000 கோடியாக உயர்த்தினார்கள். இது நமக்குப் புரியாத சங்கதி அல்ல. 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான பாக்கெட் அரிசிக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. என்றதும், மறு மாதமே 26 கிலோ சிப்பம் வந்து இறங்கவில்லையா? சாப்பிடுகிறவன் யாரும் ஒரு கிலோ கூடுதலாகக் கேட்கவில்லை. விதி எங்கே கோடு போடுகிறதோ அதை ஒட்டிச் சரக்கு நகர்ந்தது. அதேபோலத்தான், வெளிநாட்டுக் கம்பெனி இங்கே வந்து பாகம் வாங்கக் கற்றுக்கொண்டது. வந்த பிறகு விலையும் கட்டுபடியானதால் தங்கிவிட்டது.

முழுச் சரக்கும் போகாமல் இல்லை. ரஷ்யாவுடன் கூட்டாகச் செய்யும் பிரம்மோஸ் ஏவுகணையை வாங்கப் பிலிப்பைன்ஸ் நாடு 2022 ஜனவரியில் சுமார் 37 கோடியே 50 லட்சம் டாலருக்கு ஒப்பந்தம் போட்டது. 2024 ஏப்ரலில் முதல் தவணைச் சரக்கு போய்ச் சேர்ந்தது. ஆர்மீனியா ராடாரும் பினாகா ராக்கெட்டும் வாங்கியது. மொரீஷியஸுக்கு 2014-லேயே கல்கத்தாவில் கட்டிய ரோந்துக் கப்பல் போயிற்று. நமக்கு மிகவும் பிடித்த செய்தி பீகார் ஹாஜிப்பூரில் தைத்த பூட்ஸ் ரஷ்ய ராணுவத்தின் காலுக்குப் போவதுதான். தோல், பிசின், நூல், தையல் கூலி. இதுவும் ராணுவத் தளவாடம்தான்.

இத்தனை காலம் ஏன் இல்லாமல் இப்போது என்று கேட்கலாம். 1962-ல் சீனப் போரில் பட்டபாடு மூத்த அங்கத்தினர்களுக்கு நினைவிருக்கும். 1965 பாகிஸ்தான் யுத்தத்தின்போது அமெரிக்கா இரண்டு பக்கத்துக்கும் ஆயுதம் தருவதை நிறுத்தியது. ஒரே மண்டியை நம்பிச் சரக்கு வைக்கக் கூடாது என்று அன்றே தெரிந்தது. ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை தொடங்கி 1965-ல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது. ஆனாலும் பெரிய சரக்கெல்லாம் ரஷ்யாவிலிருந்தே வந்துகொண்டிருந்தது.

போஃபர்ஸ் கதையின் ஒரு பாதிதான் பலருக்கும் தெரியும். 1986-ல் ஸ்வீடனிலிருந்து 410 பீரங்கிகள் வாங்க ஒப்பந்தமானது. லஞ்சப் புகார் எழுந்து ஆட்சியே ஆட்டம் கண்டது. மறு பாதி இது. அந்த ஒப்பந்தத்திலேயே பீரங்கியை இங்கே செய்துகொள்வதற்கான வரைபடங்களும் நமக்குக் கிடைத்தன. காசு கொடுத்து வாங்கிய அந்த வரைபடங்களைப் புகாருக்குப் பயந்து யாரும் தொடவில்லை. பரணில் போட்டது போல இருபது வருடத்துக்கு மேல் கிடந்தன. 1999 கார்கில் சண்டையில் அந்தப் பழைய பீரங்கிகள்தான் மலை உச்சியில் இருந்த எதிரியை அடித்தன. குண்டுக்கும் உதிரிக்கும் வெளிநாட்டை நோக்கி ஓட வேண்டியிருந்தது. பிறகுதான் தூசி தட்டி எடுத்து, அதே வரைபடத்தை ஆதாரமாக வைத்து, ஜபல்பூர் தொழிற்சாலையில் "தனுஷ்" பீரங்கி செய்தார்கள். முதல் ஆறு பீரங்கிகள் ராணுவத்தின் கைக்குப் போனது 2019 ஏப்ரலில். வாங்கிய சரக்கை முப்பது வருடம் கழித்து விற்றுக் காசாக்குகிற கடையை நாம் பார்த்ததில்லை.

2001-ல் தனியாருக்குக் கதவைத் திறந்தார்கள். திறந்ததும் யாரும் உள்ளே ஓடி வந்துவிடவில்லை, வாங்குகிறவர் அரசாங்கம் ஒருவரே என்பதால். 2020 ஆகஸ்டில் 101 பொருள்களைக் குறித்து, இவற்றை இனி இன்ன தேதி முதல் வெளிநாட்டில் வாங்குவதில்லை என்று பட்டியல் வெளியிட்டார்கள். பிறகு மேலும் பட்டியல்கள் வந்தன. 2021 அக்டோபர் 1-ம் தேதி, 41 படைக்கலத் தொழிற்சாலைகளை நிர்வகித்த வாரியத்தைக் கலைத்து ஏழு கம்பெனிகளாகப் பிரித்தார்கள். தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. ஆர்டர் தானாக வரும் என்று இருந்தவர்கள் இப்போது விலை சொல்லிப் பிடிக்க வேண்டும். அதனால் வெளியே ஜாப் ஒர்க் கொடுப்பது கூடியது.

நம் பக்கத்துக்கு வருவோம். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி ரயிலில் போகிறவர்கள் குன்னூர் தாண்டியதும் அருவங்காடு ஸ்டேஷனைப் பார்த்திருப்பார்கள். அங்கே வெள்ளைக்காரன் காலத்தில், 1903-ல் ஆரம்பித்த கார்டைட் தொழிற்சாலை இன்றும் வெடிமருந்து செய்கிறது. திருச்சியில் துப்பாக்கித் தொழிற்சாலை. ஆவடியில் டாங்கி, இன்ஜின், உடுப்பு என்று மூன்று. ஆக, தமிழ்நாட்டுக்கு இது புதுத் தொழில் அல்ல. புதிதாக வந்தது 2018 பட்ஜெட்டில் அறிவித்த பாதுகாப்புத் தொழில் வழித்தடம். உத்தரப் பிரதேசத்துக்கு ஒன்று, நமக்கு ஒன்று. 2019 ஜனவரி 20-ம் தேதி திருச்சியில் தொடங்கி வைத்தார்கள். சென்னை, ஓசூர், சேலம், கோவை, திருச்சி என்று ஐந்து ஊர்கள் இதில் அடக்கம். மாநில அரசின் சார்பில் டிட்கோ இதைக் கவனிக்கிறது. சூலூர் அருகே வாரப்பட்டியில் இதற்கென்று தொழிற்பூங்கா அமைக்கத் திட்டமிட்டார்கள். கொடிசியா சங்கம் ஒரு பாதுகாப்புப் புத்தாக்க மையத்தை நடத்துகிறது. ராணுவத்துக்கு என்ன வேண்டும் என்பதைச் சிறு பட்டறைக்காரருக்குத் தெரிவிப்பதும், அவர் செய்ததைச் சோதித்துக் காட்ட உதவுவதும் அதன் வேலை.

கோவையை ஏன் சேர்த்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. மில்லுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் செய்யப் பழகிய ஊர் இது. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்ததும் மோட்டாரும் பம்பும் செய்தது. பிறகு நம் வீட்டு அடுப்படி வரை வந்த கிரைண்டர். வார்ப்படம், லேத், மில்லிங், ஹீட் ட்ரீட்மெண்ட் எல்லாம் இரண்டு மைல் சுற்றளவுக்குள் கிடைக்கும். ஜவுளி இயந்திரம் செய்துவந்த எல்.எம்.டபிள்யூ. கம்பெனியே விமானப் பாகங்களுக்குத் தனிப் பிரிவு வைத்திருக்கிறது. ஆனால் பம்பு வியாபாரத்தில் ராஜ்கோட்டும் அகமதாபாத்தும் நம்மை நெருக்கின. 2022 செப்டம்பரில் மின்கட்டணம் ஏறி, நிலைக் கட்டணமும் உச்சநேரக் கட்டணமும் சிறு தொழில்களை வாட்டின. பட்டறைகளை அடைத்துப் போராடியதை நாம் பார்த்தோம். அந்த நாள்களில் கணபதி கடைகளில் எண்ணெய் அரை லிட்டர் பாக்கெட்டாகவும் பருப்பு கால் கிலோவாகவும் போனது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது திருப்பூரோடு சேர்ந்து இங்கும் கலங்கினார்கள். இந்த நிலைமையில்தான் "டிஃபென்ஸ்" என்ற வார்த்தை பட்டறைகளுக்குள் வந்தது.

இனி ஒரு பாகம் எப்படிச் செய்யப்பட்டு எப்படிக் காசாகிறது என்பதைச் சொல்கிறோம். இதுதான் நம் அங்கத்தினர்களுக்கு வேண்டியது. பம்புக் கம்பெனிக்கு ஒரு புஷ் கடைந்து கொடுத்தால், மறு வாரம் அது மோட்டாரில் ஏறிவிடும். ராணுவச் சரக்கில் அப்படி இல்லை. முதலில் வரைபடம் பார்த்து விலை சொல்ல வேண்டும், குறைந்த விலைக்காரருக்கே ஆர்டர். பிறகு மாதிரி செய்து காட்ட வேண்டும். அந்த இரும்பு எந்த உருக்காலையில் எந்த உருக்கில் வார்த்தது என்ற எண் முதற்கொண்டு காகிதம் இருக்க வேண்டும். நாம் பாக்கெட்டில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. நம்பரும் பேட்ச் நம்பரும் போடுவதற்கே அலுத்துக்கொள்கிறோம். அவர்கள் ஒவ்வொரு கம்பிக்கும் ஜாதகம் வைத்திருக்க வேண்டியிருக்கிறது. விமானப் பாகம் என்றால் அதற்கென்று தனித் தரச் சான்றிதழ். அளவு பார்க்கும் கருவிகளே ஒரு வீட்டின் விலை. மாதிரி ஆய்வுக்கூடத்துக்குப் போய், ராணுவ ஆய்வாளர் பார்த்து, திருத்தம் சொல்லி, மறுபடி செய்து, ஒப்புதல் வர ஒரு வருடமும் ஆகலாம், இரண்டும் ஆகலாம். அதுவரை வட்டி ஓடும், ஆள் கூலி ஓடும், மளிகை ஓடும்.

ஒப்புதல் வந்து சரக்கைத் தாமதமாகக் கொடுத்தால் அபராதம் உண்டு. வாரத்துக்கு அரை சதவீதம் வீதம் 10 சதவீதம் வரை என்பதுதான் நெடுநாள் வழக்கம். 2025 நவம்பர் 1-ம் தேதி நடைமுறைக்கு வந்த புதிய கொள்முதல் கையேட்டில், முதன்முதலாக உள்நாட்டில் செய்து பார்க்கும் பொருளுக்கு இந்த அபராதத்தைத் தளர்த்தியிருக்கிறார்கள். ஐந்து வருடம் வரை ஆர்டர் உறுதி தரவும் வழி செய்திருக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் நம் பட்டறைக்காரர் நேரடியாக ராணுவத்துக்கு விற்பது குறைவு. ராணுவத்துக்கு ஒரு பெரிய கம்பெனி, அதற்கு ஒரு நடுத்தரக் கம்பெனி, அதற்கு இவர். மூன்றாம் படியில் நிற்கிறவருக்கு முதல் படியின் சலுகை தானாக வராது.

மேலே எங்கோ ஒன்று நின்றால் கீழே எல்லாம் நிற்கும். தேஜஸ் விமானத்தைப் பாருங்கள். அந்த விமானத்தின் முதல் படைப்பிரிவு 2018-ல் பெங்களூரிலிருந்து நம் சூலூருக்கு வந்தது, இரண்டாவது 2020-ல் சூலூரிலேயே ஆரம்பித்தது. அதன் புதிய ரகத்தில் 83 விமானங்களுக்கு 2021 பிப்ரவரியில் ஏறத்தாழ 48,000 கோடிக்கு ஆர்டர் கொடுத்தார்கள். 2024-ல் வந்திருக்க வேண்டும். அமெரிக்காவிலிருந்து வரவேண்டிய இன்ஜினில் முதலாவது வந்து சேர்ந்ததே 2025 மார்ச்சில். விமானத்தின் உடம்பு தயாராக நிற்கிறது, இன்ஜின் இல்லை. அந்த உடம்புக்கு ஆணி செய்த பட்டறைக்கு அடுத்த தவணை ஆர்டர் எப்போது வரும்?

நமக்கு நேர்ந்ததையும் சொல்லிவிடுகிறோம். நம்மிடம் இருபது வருடமாகச் சரக்கு எடுக்கும் ஒரு சில்லறைக் கடைக்காரர், தம் தெருவில் இருந்த பட்டறையின் ஆள்களுக்கு மாதக் கணக்கில் மளிகை கொடுத்து வந்தார். ஆள்கள் ஒடிஸா, பீகார்க்காரர்கள், பட்டறை மாடியிலேயே சமையல். கோதுமை மாவு, உருளைக்கிழங்கு, கடுகெண்ணெய், துவரம்பருப்பு. ராணுவ ஆர்டர் வந்தது என்று ஆறு பேர் பதினான்கு பேர் ஆனார்கள். கணக்கும் இரண்டு மடங்குக்கு மேல் ஆனது. பட்டறைக்காரர் நாணயமான மனிதர், அதில் சந்தேகமே இல்லை. சரக்கையும் குறித்த நாளில் கொடுத்தார். வாங்கிய கம்பெனி, தனக்கு மேலே பணம் வரவில்லை என்று எட்டு மாதம் நிறுத்தி வைத்தது. எந்தக் கம்பெனி என்பது இங்கே வேண்டாம். பட்டறை நோட்டில் பாக்கி ஏற, கடைக்காரர் நோட்டில் ஏற, நம் நோட்டிலும் ஏறியது. அந்தக் கடைக்காரர் பெண் கல்யாணத்துக்கு வைத்திருந்த நகையை அடகு வைத்து நமக்குப் பாதி கட்டினார் என்பது பிறகுதான் நமக்குத் தெரிந்தது. முன்பே தெரிந்திருந்தால் வாங்கியிருக்க மாட்டோம். கடைசியில் பணம் வந்தது, வட்டி வரவில்லை. பட்டறைக்காரருக்கும் வரவில்லை, கடைக்காரருக்கும் வரவில்லை.

இவ்விடத்தில் சட்டத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. 2006-ம் வருடத்துச் சிறு தொழில் சட்டப்படி, குறு, சிறு தொழில்களிடம் சரக்கு வாங்கியவர் அதிகபட்சம் 45 நாளில் பணம் தரவேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வட்டியைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. அப்படிக் கெடுவுக்குள் பணம் தராதவர், அந்தக் கொள்முதலை அந்த வருடச் செலவாகக் காட்டி வருமான வரிக் கழிவு பெற முடியாது என்றும் 2023 நிதிச் சட்டத்தில் சேர்த்தார்கள். பெரிய கம்பெனிகள் ஒப்புக்கொண்ட பில்லை வங்கியில் தள்ளுபடிக்குக் கொடுத்து முன்பணம் பெறும் டிரெட்ஸ் என்ற மின்னணு ஏற்பாடும் உண்டு. 250 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ள கம்பெனிகள் அதில் சேரவேண்டும் என்று 2024 நவம்பரில் உத்தரவாயிற்று. பட்டறைக்காரர் உத்யம் பதிவு செய்திருந்தால் இவ்வளவும் அவருக்கு உண்டு. கேட்டால் அடுத்த ஆர்டர் வராது என்ற பயத்தில் பெரும்பாலோர் கேட்பதில்லை, அது வேறு.

நமக்கு? 2021 ஜூலையில் மொத்த, சில்லறை வியாபாரிகளையும் சிறு தொழில் பட்டியலில் சேர்த்துவிட்டதாகச் சொன்னார்கள், நாமும் இனிப்பு வழங்கினோம். உத்தரவைப் படித்துப் பார்த்தால், வங்கிகள் முன்னுரிமைக் கடன் தருவதற்கு மட்டும்தான் அந்தச் சேர்க்கை. தாமதமான பாக்கிக்கு வட்டி கேட்கும் உரிமை அதில் வரவில்லை. லேத்தில் கடைந்த இரும்புக்கு 45 நாள் கெடு உண்டு. கடைந்தவன் தின்ற சோற்றுக்குக் கெடு கிடையாது. நம் சங்கங்கள் இதைப் பற்றி டில்லியில் பேசியாக வேண்டும்.

இந்தத் தொழிலால் நமக்கு லாபமே இல்லை என்று சொல்லவும் மனம் வரவில்லை. பட்டறை ஓடினால் டீக்கடை ஓடும், மெஸ் ஓடும். சான்றிதழ் வாங்கி நின்று நிலைத்துவிட்ட பட்டறைகளில் கூலி ஒழுங்காகப் போகிறது, ஆள்களும் மாறாமல் இருக்கிறார்கள். அந்தத் தெருக் கடைகளில் நெய்யும் முந்திரியும் போவது அதிகரித்திருப்பதை நம் பில் புத்தகமே சொல்கிறது. இன்னொன்று, ராணுவ ஆராய்ச்சி நம் அலமாரிக்கே வந்திருக்கிறது. மைசூரில் 1961-ல் தொடங்கிய ராணுவ உணவு ஆராய்ச்சிக் கூடம், பனிமலையில் இருக்கும் சிப்பாய்க்காகக் கெடாத சாப்பாட்டைப் பையில் அடைக்கும் முறையைச் செய்து, தனியார் கம்பெனிகளுக்கும் கொடுத்தது. வெட்டி, சுடுநீரில் வைத்துச் சாப்பிடும் பொங்கலையும் பருப்பையும் இன்று நாம் விற்கிறோமே, அதன் பூர்வீகம் அங்கேதான் இருக்கிறது.

காந்தியின் பெயரைத் தாங்கிய இடத்தில் உட்கார்ந்துகொண்டு ஆயுத வியாபாரத்துக்குக் கணக்குப் போடுகிறோமே என்ற உறுத்தலும் இருக்கத்தான் செய்கிறது. அரிசி விற்றால் யாராவது சாப்பிடுவார்கள். இந்தச் சரக்கு எங்கே போய் என்ன செய்யும்? இதற்கும் ஒரு முறை வைத்திருக்கிறார்கள். கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள எதையும் அரசின் அனுமதி இல்லாமல் அனுப்ப முடியாது. 2024-25-ல் மட்டும் 1,762 அனுமதிகள் கொடுத்தார்கள். வாங்குகிறவர் தாமே பயன்படுத்துவதாகவும், மற்றவருக்கு மாற்றி விற்பதில்லை என்றும் எழுதித் தரவேண்டும். ஆனால் எழுதிக் கொடுத்ததெல்லாம் நடக்கிறதா என்பது வியாபாரிகளான நமக்குத் தெரியும். காஸா சண்டையின்போது இஸ்ரேலுக்கு ஆயுதம் அனுப்பக் கூடாது என்று உச்ச நீதிமன்றத்துக்குச் சிலர் போனார்கள். அயல்நாட்டுக் கொள்கையில் தலையிட முடியாது என்று 2024 செப்டம்பரில் கோர்ட் தள்ளிவிட்டது. எங்கள் வீட்டில் இதைப் பற்றி இரண்டு கட்சி உண்டு. "நாம செய்யாட்டி வேற ஒருத்தன் செய்வான்" என்பது பையன் கட்சி. அது சரியான பதிலாக நமக்குப் படவில்லை. ஆனால் எல்லையில் நிற்கும் பிள்ளைக்குக் குண்டு வேண்டும் என்பதையும் மறுக்க முடியவில்லை. ஸ்டாக்ஹோம் ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்குப்படி 2020 முதல் 2024 வரை உலகத்திலேயே அதிகம் ஆயுதம் இறக்குமதி செய்ததில் நாம் இரண்டாமிடம், உக்ரைனுக்கு அடுத்து. விற்பதைவிட வாங்குவதுதான் இன்னும் பெரிய கணக்கு.

வெளிநாட்டில் விற்பது என்றால் பெயரும் வேண்டும். 2025 நவம்பர் 21-ம் தேதி துபாய் விமானக் கண்காட்சியில் தேஜஸ் விமானம் ஒன்று, வாங்க வந்தவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விழுந்தது. விமானி இறந்துபோனார். அவர் உடல் சூலூருக்குத்தான் வந்தது. அன்றைக்குச் சூலூர், இருகூர்க் கடைகளில் வேறு பேச்சே இல்லை.

ஆகையால் பட்டறைக்காரர் "டிஃபென்ஸ் ஆர்டர்" என்று சொன்னால் சந்தேகப்பட வேண்டாம், சந்தோஷமாகவே கேளுங்கள். கூடவே, மாதிரிக்கு ஒப்புதல் ஆகிவிட்டதா, அல்லது விலை கேட்டுக் கடிதம் மட்டும்தான் வந்திருக்கிறதா என்று கேளுங்கள். இரண்டுக்கும் நடுவில் இரண்டு வருடம் இருக்கலாம். யாருக்குக் கொடுக்கிறார், ராணுவத்திலிருந்து அவர் எத்தனையாவது படி என்றும் கேளுங்கள். உத்யம் பதிவு உண்டா என்று விசாரித்து, இல்லையென்றால் செய்யச் சொல்லுங்கள். அது இலவசம், ஏஜெண்டுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. ஆள்களின் மளிகைக் கணக்கைப் பட்டறையின் பில்லோடு முடிச்சுப் போடாமல், கூலி போடும் சனிக்கிழமையோடு முடிச்சுப் போடுங்கள். பில் எட்டு மாதம் நிற்கலாம், சனிக்கிழமைக் கூலி நிற்காது. நின்றால் ஆள் ரயில் ஏறிவிடுவான்.

நாம் மேலே சொன்ன கடைக்காரர் இப்போது அப்படித்தான் செய்கிறார். சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குப் பட்டறை மாடியிலிருந்து ஓர் ஆள் நோட்டும் பணமுமாக வந்துவிடுகிறான். திங்கட்கிழமை காலையில் அவர் நம் கடைக்கு வருகிறார். நகையை மீட்டு, போன வைகாசியில் பெண் கல்யாணத்தையும் முடித்துவிட்டார். பழைய பாக்கியில் இன்னும் கொஞ்சம் நிற்கிறது. அதை நாம் கேட்கவில்லை.